பின்னால் வரும் கடல்

எல் ஆல்டோவில் மூச்சு விலை கூடுதல்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
வியாழனும் ஞாயிறும் கூடும் சந்தையில்
என் அம்மா பழைய கியர்பாக்ஸ் விற்கிறாள்.
நான் கணக்கெழுதுகிறேன்:
டொயோட்டா, இரண்டு. பல் தேய்ந்தது, ஒன்று.
கடன் சொன்னவன் ஃப்ரோய்லான்.
தருவதாகச் சொன்ன தேதி
மூன்று முறை அடித்துத் திருத்தியது.

இரவில் அதே நோட்டின் பின்பக்கத்தில்
உலகத்துக்குக் கட்டம் போடுகிறேன்.

ரோட்டர்டாம்: எங்கள் கடையோடு
பக்கத்துக் கடையையும் விற்றால் முதல் வருடம் முடியும்.
பார்சலோனா: பெரியம்மா மகன் எவாரிஸ்டோ இருக்கிறான்,
ஆறு பேர் உறங்கும் அறையில்
ஏழாவது மெத்தைக்கு இடம் உண்டு என்கிறான்,
குரலில் இடமில்லை.
ஷாங்காய்: உதவித்தொகை கிடைக்கலாம்.
மொழிக்கே ஒரு வருடம் போகும்.
சாண்டியாகோ: எல்லோரும் சொல்வது.
எல்லோரும் சொல்வதாலேயே தள்ளிவைத்தது.

தரவரிசை, வேலை கிடைக்கும் விழுக்காடு,
விசா, வாடகை, குளிர்
ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை வைத்தேன்.
எடையை மாற்றினால் ஊர் மாறியது.
குளிருக்கு இரண்டு கூட்டினால் பார்சலோனா,
வாடகைக்கு ஒன்று குறைத்தால் ரோட்டர்டாம்.
என் அம்மாவின் தராசை நான் குறை சொன்னதுண்டு.
இனிச் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் வாரம்தான் பிடிபட்டது:
எந்த ஊர் ஜெயித்தாலும் எனக்குச் சப்பென்றிருந்தது.

கட்டத்துக்கு வெளியே ஓர் ஊர், இகீகே.
சிலியின் துறைமுகம்.
எந்தத் தரவரிசையிலும் இல்லாத ஒரு கல்லூரி,
மாலை வகுப்பு,
விளம்பரப் படத்தில்கூட ஒரு நாற்காலி உடைந்திருக்கிறது.
ஆனால் எங்கள் கியர்பாக்ஸ் எல்லாம்
கப்பலிலிருந்து இறங்குவது அங்கேதான்.
எங்கள் விலையை எவனோ
பெட்டி திறக்குமுன்னே எழுதிவிடுவது அங்கேதான்.
எல்லைச் சாவடியில் ஒரு முத்திரைக்காக
அப்பாவின் லாரி பதினொரு நாள் நின்றது.
லாரி நின்றது. வட்டி நிற்கவில்லை.

பள்ளியில், மார்ச் மாதத்தில்,
நீல ரிப்பன் குத்திக்கொண்டு ஊர்வலம் போவோம்,
போரில் பறிபோன கடலைத் திருப்பிக் கேட்டு.
தொண்டை கட்டும்வரை கேட்ட அந்தக் கடலை
இன்றுவரை நான் பார்த்ததில்லை.

"எடுத்தவனிடமே காசு கட்டிப் படிக்கப் போகிறாயா?"
என்றாள் ஸெனோபியா.
கேபிள் கார் நகரத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது,
கீழே யாரோ மொட்டைமாடியில் நாயைக் குளிப்பாட்டினார்கள்.
"ஆமாம்," என்றேன்,
"ரசீது வாங்கிக்கொண்டு."

அவள் இரண்டு நிலையம் பேசவில்லை.
மூன்றாவதில், பேருந்துக்கு எவ்வளவு என்றாள்.

எங்கள் ஐமாராவில்
போனது கண்ணெதிரே நிற்கும்,
வரப்போவது முதுகுக்குப் பின்னே.
முன்னாள், முன்னால்.
பின்னாள், பின்னால்.
ஓரெழுத்துத்தான் குறுக்கே.
மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எல்லோரும்
பின்பக்கமாகத்தான் நடக்கிறோம்,
இடறும் கல் குதிகாலுக்கே முதலில் தெரியும்.

நேர்காணல் ஞாயிறன்று, கைபேசியில்,
கடைக்குப் பின்னால், டயர் அடுக்கின்மேல் அமர்ந்து.
பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"உங்கள் மதிப்பெண்ணுக்கு
இதைவிட நல்ல இடம் கிடைக்குமே, ஏன் இங்கே?"
நான் மனப்பாடம் செய்த பதிலைத் தொடங்குமுன்
அம்மா உள்ளிருந்து கத்தினாள்:
"அந்தம்மாவிடம் கேள்,
கிளட்ச் தட்டு டஜன் அங்கே என்ன விலை?"

திரையில் ஒரு நொடி யாரும் அசையவில்லை.
இணைப்பு போய்விட்டதென்று நினைத்தேன்.
அப்புறம் அவர் திரும்பி
யாரையோ கூப்பிட்டு விசாரித்தார்.
ஜன்னல் வழியே அவருக்குப் பின்னால்
சாம்பல் நிறத்தில் ஒரு கோடு,
சுவரா, தண்ணீரா, தெரியவில்லை.

விலையைச் சொன்னார்.
நாங்கள் கொடுப்பதில் பாதி.
நோட்டைத் திருப்பி
முன்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.